படிக்க மட்டும் ஒரு செயலி

“அக்கா, நீங்க அனுப்புன ஃபைல் திறக்க மாட்டேங்குது. வேற ஏதாச்சும் ஆப் போடணுமா?”

இரவு 11 மணிக்கு வந்த குரல் செய்தி. அனுப்பியவர் அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி. சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை. ஓவர்டைம் முடித்து விடுதிக்குத் திரும்பி, குளித்து, சாப்பிட்டு, தூங்குவதற்கு முன் கிடைக்கும் அரை மணி நேரத்தில் தன் கதையைப் பிழை பார்க்க உட்கார்ந்திருக்கிறார். போன வருடம் ஒரு குறிப்பேட்டில் பேனாவால் எழுதிய கதை. நான் அதைத் தட்டச்சு செய்து, லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் சேமித்து, ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று அனுப்பியிருந்தேன். தான் எழுதிய கதையை அவராலேயே திறக்க முடியவில்லை.

லிட்டில் இந்தியா பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் ஒரு சின்ன எழுத்து வட்டத்தில் நானும் ஒருத்தி. வருபவர்களில் பெரும்பாலோர் கட்டுமானம், கப்பல் பட்டறை, துப்புரவு என்று வேலை பார்க்கும் வெளிநாட்டு ஊழியர்கள். வருடத்துக்கு ஒரு தொகுப்பு கொண்டுவருகிறோம். தட்டச்சு, தொகுப்பு, பிழைதிருத்தம் எல்லாம் எங்களில் ஐந்து பேர் பகிர்ந்துகொள்வது. ஐந்து பேரிடமும் ஐந்து விதமான கணினி இருப்பதால், யாரும் காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே ஓடிடி (.odt) கோப்பில்தான் வேலை என்று முடிவு செய்துவிட்டோம்.

ஓடிடி என்றால் ஓபன் டாக்குமென்ட், சுருக்கமாக ஓடிஎஃப், என்ற கோப்பு வடிவக் குடும்பத்தில் எழுத்து ஆவணம். கணக்குத் தாளுக்கு ஓடிஎஸ், படவில்லைக்கு ஓடிபி. ஜெர்மனியில் பிறந்த ஸ்டார் ஆஃபிஸ் மென்பொருளை 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வாங்கி, 2000-இல் மூலநிரலைத் திறந்துவிட்டதிலிருந்து வந்த வம்சம் இது. 2005 மே மாதம் ஓஏசிஸ் என்ற தர நிர்ணய அமைப்பு இந்த வடிவத்தைத் தரமாக ஏற்றது. அடுத்த வருடமே ஐஎஸ்ஓ 26300 என்ற எண்ணோடு உலகத் தரமானது. இதன் விதிமுறைப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம், அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் மென்பொருள் எழுதலாம். நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அந்த ‘யார் வேண்டுமானாலும்’தான். அன்று இரவு அந்தக் குரல் செய்தியைக் கேட்டபோது, அந்த ‘யார்’ என்பதில் அறந்தாங்கித் தம்பி இல்லை என்பது உறைத்தது.

அவருடைய கைப்பேசியை மறு ஞாயிற்றுக்கிழமை வாங்கிப் பார்த்தேன். 32 ஜிபி. முக்கால்வாசி ஆண்ட்ராய்டும் வாட்ஸ்அப்பும். மீதி அவர் மகள் நடக்கப் பழகும் வீடியோக்கள். அவர் ஊரில் இல்லாத நேரத்தில் அந்தக் குழந்தை நடக்கப் பழகியது, அதனால் அந்த வீடியோக்கள் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு முழு அலுவலகச் செயலியை அதில் நிறுவ வேண்டுமானால் எதையாவது அழிக்க வேண்டும். எட்டுப் பக்கக் கதையைப் படிக்க அந்த விலை கேட்பது நியாயமே இல்லை. அந்தக் கோப்பின் அளவைப் பார்த்தேன்: 31 கேபி. அதை எழுதிய லிப்ரே ஆஃபிஸை விண்டோஸில் நிறுவ இறக்கும் கோப்பு மட்டும் 300 எம்பிக்கு மேல்.

சரி, பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடலாம் என்று தோன்றும். எனக்கும் அதுதான் தோன்றியது. பக்கம் வடிவமைக்கும் நண்பரிடமிருந்து பிடிஎஃப் வாங்கி அனுப்பினேன். திறந்தது. ஆனால் ஏ4 பக்கம் அந்தக் கைப்பேசித் திரையில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும். கப்பலின் அடிப்பகுதியில் பன்னிரண்டு மணி நேரம் வெல்டிங் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அது வேண்டாத வேலை. அதையும் பொறுத்துக்கொண்டு அவர் படித்தார். திருத்த வேண்டிய வரியை பிடிஎஃபிலிருந்து நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் ஒட்டி, கீழே திருத்தத்தை எழுதி அனுப்பினார். எனக்கு வந்த வரி இப்படித் தொடங்கியது: “ெகாஞ்சம் ெபாறு என்றாள்”.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிய காட்சிதான். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட்டில் ‘கொ’ என்று எழுதும்போது முதலில் ‘க’ வருகிறது, அதன் பின்னால் ஒகரக் குறி வருகிறது. நாம் உச்சரிக்கும் வரிசை. திரையில் காட்டும்போது அந்த ஒரே குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்கிறது. பிடிஎஃப் உள்ளே வைத்திருப்பது அப்படி நின்ற உருவங்களைத்தான்: முதலில் கொம்பு, அப்புறம் ‘க’, அப்புறம் கால். எது எந்த எழுத்து என்ற குறிப்பையும் சேர்த்து வைக்க பிடிஎஃபில் வழி உண்டு. பல நேரம் அந்த வேலை நடப்பதில்லை. அதனால் பார்க்கத் தமிழாக இருப்பது, நகலெடுத்தால் தமிழாக வருவதில்லை. தேடினாலும் கிடைப்பதில்லை. கண் பார்வையற்றவருக்குப் படித்துக்காட்டும் கருவியும் தடுமாறுகிறது.

அன்று இரவு வீட்டில் அவருடைய ஓடிடி கோப்பின் பெயரில் கடைசி மூன்றெழுத்தை ‘ஸிப்’ என்று மாற்றித் திறந்தேன். ஓடிடி என்பது உண்மையில் ஒரு ஸிப் பொட்டலம்தான். உள்ளே ‘மைம்டைப்’ என்ற குட்டிக் கோப்பு, இது எந்த வகை ஆவணம் என்று ஒற்றை வரியில் சொல்கிறது. ‘ஸ்டைல்ஸ்’ கோப்பில் எழுத்துருவும் பத்தி அமைப்பும். ‘மெட்டா’வில் தலைப்பும் தேதியும். ‘பிக்சர்ஸ்’ அடைவில் படங்கள். ‘கன்டென்ட்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் கதை. நோட்பேடில் திறந்தேன். குறிகளுக்கு நடுவே முழுத் தமிழ், சுத்தமாக, ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது. “கொஞ்சம் பொறு என்றாள்” என்ற வரியும் இருந்தது. கதை அவர் கையிலேயே இருந்திருக்கிறது. பொட்டலத்தைப் பிரிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதை எளிதாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாததற்கு இன்னொரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஃப்ளாப்பி வட்டுகளைக் கொடுத்தார். 1990களில் அவர் எழுதிய மேடை நாடகங்கள். வட்டுகளைப் படிக்கக் கருவி தேடிப் பிடித்து, கோப்புகளைத் திறந்தால் முழுக்க முழுக்க ஆங்கில எழுத்துகளும் சம்பந்தமில்லாத குறிகளும். அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருந்தன. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வொரு வரிசை. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அது தமிழே இல்லை. போதாததற்கு அந்தக் கோப்பின் வடிவத்தைப் புரிந்துகொள்ளும் சொல்செயலியும் கடையை மூடிப் பல வருடமாகிவிட்டது. பூட்டுக்குள் பூட்டு. எழுத்து எழுத்தாகப் பொருத்திப் பார்த்து மாற்ற எங்களுக்கு மாதக்கணக்கில் ஆனது. இரண்டு நாடகங்கள் வரவே இல்லை. ஐயாவிடம் போய்ச் சொன்னபோது “பரவால்லம்மா, ஞாபகத்துல இருக்கறத எழுதறேன்” என்றார். எண்பது வயதுக்கு மேல்.

இத்தனைக்கும் அந்தப் பூட்டைத் திறக்க முதலில் முயன்ற ஊர்களில் ஒன்று இதே சிங்கப்பூர். எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி இங்கே இருந்துகொண்டு ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றிய தளத்தை 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். இணையத்தில் தமிழ் தோன்றிய மிக ஆரம்ப கால முயற்சிகளில் அதுவும் ஒன்று. 1997-இல் தமிழ் இணைய மாநாடு இங்கே நடந்தது. 1999-இல் கோவிந்தசாமி காலமானார். அடுத்த ஆண்டு இங்கே நடந்த மாநாட்டில் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. திஸ்கி, டாம், டாப் என்று தமிழ் எழுத்துக் குறியீடுகள் போட்டிபோட்ட காலம் முடிந்து யூனிகோட் நிலைத்தது இப்படிப் பலரும் பல ஊர்களில் மல்லுக்கட்டியதால்தான். எழுத்துப் பூட்டு திறந்தாகிவிட்டது. கோப்புப் பூட்டையும் ஓடிஎஃப் திறந்து வைத்திருக்கிறது. கடைசிப் படி மட்டும் பாக்கி: திறந்திருக்கும் கதவுக்கு முன்னால் ஏறிப் போக ஒரு படிக்கட்டு.

ஆகவே நான் முன்வைப்பது இதுதான். ஓடிடி கோப்பைக் கைப்பேசியில் படிக்க மட்டும் ஒரு சின்னச் செயலி. எழுதாது. திருத்தாது. மேக்ரோ எதையும், அதாவது கோப்புக்குள் வரும் குட்டி நிரல் எதையும், ஓட்டாது. கணக்கு திறக்கச் சொல்லாது, விளம்பரம் காட்டாது, இணையம் கேட்காது. மூன்று எம்பிக்குள் இருக்க வேண்டும். தமிழைச் சரியாகக் காட்டுவது அதன் முதல் வேலை, ஏதோ இரண்டாம் பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் வேலை இல்லை.

பிடிஎஃப் உலகத்தில் இது எப்போதோ நடந்துவிட்டது. பெரிய பிடிஎஃப் மென்பொருள் கணினியை இழுத்து உட்காரவைத்த காலத்தில், 2006-இல் சுமாத்ரா பிடிஎஃப் வந்தது. சில மெகாபைட். சொடுக்கினால் திறக்கும். படிப்பதைத் தவிர அதற்கு வேறு ஆசை கிடையாது. எத்தனையோ பழைய கணினிகளுக்கு அது மறுவாழ்வு கொடுத்தது. ஓடிஎஃபுக்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. உலாவியிலேயே ஓடிஎஃபைக் காட்டிய வெப்ஓடிஎஃப் அருமையான வேலை, அதை எழுதியவர்களுக்கு நான் கடன்பட்டவள், அதன் நிரலைப் படித்துத்தான் பாதி விஷயம் கற்றேன். ஆனால் அதன் வளர்ச்சி நின்று வருடங்களாகிவிட்டன. ஆண்ட்ராய்டிலும் இதற்கெனச் சில செயலிகள் உண்டு. அவற்றில் சிலவற்றை நம் தமிழ்க் கோப்புகளோடு ஓட்டிப் பார்த்தபோது கண்டவற்றைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

நம் ஊரில் நான்கு மொழிகளில் அச்சடித்த அறிவிப்பைப் பார்க்காதவர் இருக்க முடியாது. மின்தூக்கிக்குப் பக்கத்தில் டெங்கிக் கொசுவைப் பற்றி ஒட்டியிருப்பார்கள்: ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ். அந்த மாதிரி ஒரு தாளை ஓடிடியில் தட்டச்சு செய்தால் என்ன நடக்கிறது தெரியுமா? ஓடிஎஃப் எழுத்துகளை மூன்று குடும்பமாகப் பிரிக்கிறது. மேற்கத்தியம் ஒன்று: ஆங்கிலமும் மலாயும் அதில். ஆசியம் ஒன்று: சீனம், ஜப்பான், கொரிய எழுத்துகள். மூன்றாவது ‘காம்ப்ளெக்ஸ்’, சிக்கலான வரிவடிவம் என்று பொருள்: அரபி, தாய், தேவநாகரி, நம் தமிழ். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி இழுப்பறை. எழுத்துருவின் பெயர், அளவு, தடிமன், சாய்வு எல்லாம் மூன்று தடவை, மூன்று பெயரில் எழுதப்படும். ஆக, ஒரு சாதாரண சிங்கப்பூர் அறிவிப்புத் தாள் மூன்று இழுப்பறையையும் திறந்துவிடுகிறது. உலகத்தில் பெரும்பாலான ஆவணங்களுக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

ஐரோப்பாவில் உட்கார்ந்து ஒருவர் அவசரமாக ஒரு படிப்பான் எழுதினால் முதல் இழுப்பறையை மட்டும்தான் திறப்பார். அவர் கோப்புகளுக்கு அது போதும். அதே படிப்பானில் தம்பியின் கதையைத் திறந்தால், தலைப்புக்கு நான் தமிழ் இழுப்பறையில் 18 புள்ளி, தடித்த எழுத்து என்று கொடுத்திருப்பது கண்ணிலேயே படாது. ஆங்கில இழுப்பறையில் சும்மா கிடக்கும் 12 புள்ளியைத் தமிழுக்குப் போட்டுவிடும். தலைப்பும் உடலும் ஒரே அளவில் வந்து நிற்கும். கதை மாந்தர் மனதுக்குள் பேசிக்கொள்ளும் வரிகளைச் சாய்வெழுத்தில் வைத்திருந்தேன், அதுவும் காணாமல் போனது. படிப்பவருக்கு யார் பேசுகிறார், யார் நினைக்கிறார் என்ற வித்தியாசமே தெரியாது. நிரலில் இதைச் சரிசெய்ய ஐம்பது வரி போதும். ஒவ்வொரு எழுத்தும் யூனிகோட்டில் எந்த வரம்பில் விழுகிறது என்று பார்த்து, அதற்கான இழுப்பறையைத் திறக்க வேண்டும், அவ்வளவே. ஐம்பது வரி என்பதால் அது சின்ன விஷயமாகிவிடாது. நமக்கு அது தேவை என்று தெரிந்தவர் எழுதினால்தான் அது எழுதப்படும்.

இன்னொன்று கவிதை. எங்கள் வட்டத்தில் கவிதை எழுதுகிறவர்கள்தான் அதிகம், வரிகளை உள்ளே தள்ளிப் படிக்கட்டுப் போல அடுக்குவது அவர்களுக்குப் பிடிக்கும். எக்ஸ்எம்எல்லில் பத்து இடைவெளி அடித்தாலும் ஒன்றாகத்தான் எண்ணப்படும். அதனால் ஓடிஎஃப் கூடுதல் இடைவெளிகளை எழுத்தாக வைக்காமல் ‘இங்கே ஆறு இடைவெளி’ என்று ஒரு தனிக் குறியாக வைக்கிறது. தத்தல் (டேப்), வரி முறிவு எல்லாவற்றுக்கும் அப்படியே. அந்தக் குறிகளைப் பார்க்காத படிப்பான் கவிதையை உரைநடையாக்கிவிடும். நாடகத்திலும் இதே கதை, பாத்திரத்தின் பெயருக்கும் வசனத்துக்கும் நடுவில் இருக்கும் தத்தல் போய்விட்டால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது எனக்கு உண்மையிலேயே பயமூட்டியது. மாற்றங்களைப் பதிவு செய்யும் வசதியோடு நாங்கள் பிழை திருத்துவோம். ஒரு வரியை வெட்டினால் அது மறைவதில்லை, கோப்பின் தொடக்கத்தில் ‘நீக்கப்பட்டவை’ என்ற பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பகுதி எதற்கு என்று தெரியாத படிப்பான் அதையும் கதை என்று நினைத்து முதலில் காட்டிவிடுகிறது. ஒரு பெண் தன் முதலாளி வீட்டைப் பற்றி எழுதியதில் இரண்டு பத்திகளை, வேண்டாம் அக்கா, பிரச்சினை வரும் என்று சொல்லி நீக்கியிருந்தார். சோதித்துப் பார்த்த ஒரு படிப்பானில் அந்த இரண்டு பத்திகளும் முதல் பக்கத்தில் பளிச்சென்று நின்றன. அவர் வீட்டு வேலை செய்யும் பணிப்பெண். அந்தக் கோப்பு தவறான ஒரு கைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. அதிலிருந்து, மாற்றங்களை எல்லாம் ஏற்று, தூய்மையாக்கி, அதற்கப்புறம்தான் எந்தக் கோப்பையும் அனுப்புகிறேன். இருந்தாலும் படிப்பானும் தன் பங்குக்கு ஒழுங்காக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் சொன்னால் பெரிய வேலை போலத் தெரியும். இல்லை. இந்த வடிவத்தை வடிவமைத்தவர்கள் எளிய படிப்பானுக்கு என்றே பல இடங்களில் வழிவிட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்து பார்க்கப் பார்க்க எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. கணக்குத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டத்தில் சூத்திரம் இருந்தால், அதன் விடையும் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. படிப்பான் கூட்டிக் கழிக்க வேண்டியதே இல்லை, இருப்பதைக் காட்டினால் போதும். ஆவணத்துக்குள் ஒரு வரைபடம் பொதிந்திருந்தால், அதை வரையத் தெரியாதவர்களுக்காக லிப்ரே ஆஃபிஸ் ஒரு மாற்றுப் படத்தையும் கூடவே வைக்கிறது. முதல் பக்கத்தின் சின்னப் படம் ‘தம்நெய்ல்ஸ்’ அடைவில் இருக்கிறது, கோப்புப் பட்டியலில் அதையே காட்டிக்கொள்ளலாம். பக்கம் எங்கே முடிந்தது என்பதற்குக்கூட ஒரு மெல்லிய குறி உண்டு.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம். சமூக மன்றத்துக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் நாலு பேர் உட்கார்ந்து, தே தாரிக் ஆறிப்போகும் வரை பேசினோம். பக்கம் பக்கமாகக் காட்ட வேண்டும் என்றார் வடிவமைப்பு நண்பர். புத்தகம் என்றால் பக்கம்தானே, 14-ஆம் பக்கம் மூன்றாம் பத்தி என்று சொன்னால்தானே திருத்த முடியும் என்பது அவர் வாதம். நியாயம். ஆனால் பக்கமாகக் காட்ட ஆரம்பித்தால் மறுபடி எறும்பு ஊர ஆரம்பித்துவிடும். அதோடு பக்கங்களைத் துல்லியமாக முறிப்பதுதான் அலுவலக மென்பொருளில் மிகக் கடினமான, மிகக் கனமான பகுதி. செயலி மூன்று எம்பியில் நிற்காது. என் யோசனை: திரை அகலத்துக்கு ஏற்ப எழுத்து வழிந்தோடட்டும், எழுத்தின் அளவை விரலால் கூட்டிக் குறைக்கலாம், ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் மங்கலாக ஓர் எண் இருக்கட்டும். ‘பத்தி 31’ என்றால் அவருடைய கைப்பேசியிலும் என் கணினியிலும் அது ஒன்றேதான். பக்கம் முடியும் இடத்தில் மெல்லிய கோடு. நண்பர் முழு மனதோடு ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் செய்து பாருங்கள் என்றார்.

இன்னொரு நண்பர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு அதிக நேரம் பிடித்தது. பிரிட்டன் அரசாங்கம் 2014-இல் திறந்த வடிவங்களைத் தேர்ந்தெடுத்தபோது, சேர்ந்து திருத்தும் ஆவணங்களுக்கு ஓடிஎஃப், பார்க்க மட்டும் உள்ளவற்றுக்கு பிடிஎஃப் அல்லது வலைப்பக்க வடிவமான எச்டிஎம்எல் என்று பிரித்தது. “அவங்களே பார்க்கறதுக்கு ஓடிஎஃப் வேணாம்னுட்டாங்களே, நீ ஏன் ஓடிஎஃபுக்கே படிப்பான் எழுதணும்கற?” என்றார். அரசாங்கம் வெளியிடும் ஆவணம் முடிந்துபோன ஆவணம். மக்கள் அதைப் படிப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் கோப்பு கை மாறிக்கொண்டே இருக்கும் கோப்பு. செவ்வாய்க்கிழமை ஒரு பதிப்பு, வியாழக்கிழமை இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் இரண்டு வடிவத்தில் அனுப்பினால் எது புதியது என்ற குழப்பத்தில் ஒரு திருத்தமாவது தொலையும், போன வருடம் தொலைந்தது. தம்பி அந்தக் கோப்பின் ஆசிரியர். நான் எதை வைத்து வேலை செய்கிறேனோ அதே கோப்புதான் அவர் கையிலும் இருக்க வேண்டும். வேறு ஒரு வடிவத்தில் நான் பிழிந்து எடுத்துத் தரும் நகலை அவர் படிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் எனக்கு விருப்பமில்லை.

இணையத்தில் ஏற்றினால் மாற்றித் தரும் தளங்கள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தலாமே என்றும் ஒருவர் சொன்னார். விடுதிகளில் தம்பிகள் ஓடிடியாகவோ வேறு வடிவமாகவோ வைத்திருப்பவை கதைகள் மட்டும் இல்லை. சம்பளக் கணக்கு, வேலை அனுமதிக்கான விண்ணப்பம், ஊருக்குப் பணம் அனுப்பிய விவரம். அவற்றை யாரோ நடத்தும் ஒரு தளத்தில் ஏற்றச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. கோப்பு கைப்பேசியை விட்டு வெளியே போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மேக்ரோ ஓட்டாததும் இதே காரணத்துக்காகத்தான்: படிக்க மட்டும் தெரிந்த செயலியை ஏமாற்றி எதையும் செய்யவைப்பது கடினம். ஸிப் பொட்டலம் விரிந்து பூதாகாரமாகாமல் ஒரு வரம்பு வைத்துவிட்டால் பெரும்பாலான ஆபத்து நீங்கும்.

மூன்று எம்பி எப்படிச் சாத்தியம் என்றால், கனமான வேலையை நாம் செய்யப் போவதில்லை. தமிழைக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் ஏற்கெனவே ஆண்ட்ராய்டில் இருக்கிறது, குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இருக்கிறது. கொம்பு எங்கே போக வேண்டும், கால் எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். தமிழ் எழுத்துருவும் கைப்பேசியில் இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது, பொட்டலத்தைப் பிரித்து, எக்ஸ்எம்எல்லைப் படித்து, எச்டிஎம்எல்லாக மாற்றி, கைப்பேசிக்குள் இருக்கும் உலாவி இயந்திரத்திடம் கொடுப்பது. ஸிப்புக்குள் சுருக்கி வைத்ததை விரிக்கும் வசதிகூட இப்போதைய உலாவிகளில் உள்ளேயே வந்துவிட்டது. நான் வார இறுதிகளில் எழுதிய முதல் வரைவு 1,400 வரி. பத்தி, தலைப்பு, பட்டியல், அட்டவணை, படம், அடிக்குறிப்பு வரை வந்திருக்கிறது. மூன்று இழுப்பறையும் திறக்கிறது. நீக்கப்பட்டவை மறைகின்றன.

பாக்கி நிறைய. செங்குத்தாக இணைந்த அட்டவணைக் கட்டங்கள் குழம்புகின்றன. பெட்டிக்குள் வைத்த எழுத்து எங்கே தோன்ற வேண்டும் என்று சரியாகப் பிடிபடவில்லை. கோப்பினுள் பொதிந்த எழுத்துருவை எடுத்துப் பயன்படுத்த வேண்டும். கடவுச்சொல் போட்ட கோப்புகளை முதல் பதிப்பில் திறக்கப் போவதில்லை, திறக்க முடியாது என்று தமிழில் தெளிவாகச் சொல்லிவிடும். பராமரிப்புதான் பெரிய கவலை. ஒருவர் தலையில் நிற்கும் மென்பொருள் அவர் களைத்துப்போனால் நின்றுவிடும், அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைச் சின்னதாகவே வைக்க வேண்டும் என்று மறுபடி மறுபடி சொல்கிறேன். 1,400 வரியை ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் இரண்டு நாளில் படித்துப் புரிந்துகொள்ளலாம். அந்த அளவைத் தாண்டும் எந்த வசதியையும் சேர்க்கும் முன் பத்து தடவை யோசிப்போம் என்று எழுதியே வைத்திருக்கிறேன்.

கோப்பிக்கடையில் உட்கார்ந்த நால்வரும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். அட்டவணை ஒருவர், பொதிந்த எழுத்துரு ஒருவர், பழைய கைப்பேசிகளைத் திரட்டிச் சோதிப்பது வடிவமைப்பு நண்பர். சோதனைக் கோப்புகளை நான் சேர்க்கிறேன்: நான்கு மொழி அறிவிப்பு ஒன்று, படிக்கட்டுக் கவிதை ஒன்று, ஐயாவின் நாடகம் ஒன்று, நீக்கிய பத்திகள் உள்ள ஒன்று (அதை நானே புதிதாக எழுதினேன், அந்தப் பெண்ணின் கோப்பை இல்லை). தம்பியின் கதையையும் சேர்த்துக்கொள்ள அவரிடம் அனுமதி கேட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை என் கைப்பேசியில் முதல் வரைவை அவரிடம் கொடுத்தபோது நின்றுகொண்டே முழுக் கதையையும் படித்தார். சுற்றிலும் ஒரே கூட்டம், சத்தம். கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளித் தள்ளிப் படித்தார். முடித்ததும், “44-வது பத்தியில அவ அழுவக் கூடாதுக்கா. நா அப்ப அவசரத்துல எழுதிட்டேன். அத மாத்தித் தரேன், அப்பறம் சேத்துக்கங்க” என்றார்.

இந்த வாரம் அவருக்கு இரவு வேலை. மாற்றிய பத்திக்காகக் காத்திருக்கிறேன்.